பூச்சி கடித்த இலைக்கு முத்திரை

தையல்காரிக்கு அவள் தாய்மாமன் விட்டுப்போன சொத்து முந்நூறு தேயிலைச் செடிகள். ஊருக்கு மேலே மலைச்சரிவில், ஒரு பக்கம் ஓடையும் மறுபக்கம் பெரிய கம்பெனித் தோட்டமுமாக, நடுவில் ஒட்டுத்துணிபோல் மாட்டிக்கொண்ட நிலம். மாமாவுக்குக் கடைசி இரண்டு வருடம் முட்டிவலி. சரிவில் ஏற முடியாமல் செடிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டார். உரம் வைக்கவில்லை, மருந்து அடிக்கவில்லை. அவர் கண்ணை மூடியபின் தையல்காரியும் அவள் நாத்தனாரும் போய்ப் பார்த்தபோது இலை விளிம்பெல்லாம் மஞ்சளாகச் சுருண்டிருந்தது. கை வைத்த இடத்திலிருந்து பச்சைப்பசேலென்று தத்துப்பூச்சிகள் தெறித்துக் குதித்தன.

"பூச்சி பூந்துடுச்சு அண்ணி. வந்த விலைக்குத் தள்ளிவிட்டுடலாம்" என்றாள் நாத்தனார்.

தையல்காரி வெட்டி விழுந்த துணியில்கூடப் பொத்தான் பட்டி தேற்றுகிறவள். பூச்சி கடித்த இலையையே இரண்டு கூடை பறித்து வந்தாள். வெட்டுமேசையில் மெல்லிய துணி விரித்து வாட வைத்தாள். மாமா செய்ததைப் பார்த்த ஞாபகத்தில் கையால் உருட்டினாள், ஈரத்துணி போட்டு மூடினாள், இரும்புச் சட்டியில் உலர்த்தினாள். அன்று கடைக்கு வந்தவர்கள் எல்லாம், "என்ன இது, உள்ளே யாராவது தேன் காய்ச்சுறீங்களா?" என்று கேட்டார்கள்.

பேன்ட் நீளத்தைக் குறைக்க வந்த தேயிலை வியாபாரி ஒருவர் ஒரு கோப்பை குடித்தார். பிறகு பேன்ட்டை மறந்துவிட்டார்.

"இதை எங்க வாங்கினீங்க?"

"வாங்கலீங்க. நானே பண்ணினது. பூச்சி கடிச்ச இலை, தப்பா நினைக்காதீங்க."

"தப்பா? அம்மா, அந்தப் பூச்சி கடிச்சாத்தான் செடி பதறிப்போய் இந்த வாசனையை விடும். மருந்து அடிச்ச தோட்டத்துல தலைகீழா நின்னாலும் வராது. வருஷா வருஷம் மொத்தத்தையும் நானே எடுத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு, அரிய தேயிலை வாரியத்தோட முத்திரை வேணும்."

"நல்லா இருக்குன்னு நீங்களே சொல்றீங்களே, அப்புறம் முத்திரை எதுக்கு?"

"நான் சொன்னா போதுமா? என் வாடிக்கைக்காரங்க முத்திரையைப் பார்த்துட்டுத்தான் வாயில வைப்பாங்க. முத்திரை இல்லன்னா அவங்க நாக்குக்கு ஒண்ணுமே தெரியாது."

தையல்காரிக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஊசியில் நூல் கோக்க நாத்தனாரைக் கூப்பிட வேண்டியிருந்தது. இனி நுணுக்க வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் கண் டாக்டர். குறைத்துக்கொண்டு எதைச் செய்வது என்று அவர் சொல்லவில்லை. இப்போது வியாபாரி சொன்னார். அதனால் அடுத்த நாளே ஒரு கிலோ தேயிலையைத் தகர டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு, வாரியத்துக்குப் பஸ் ஏறினாள்.

வாரியம் மூன்று மாடிக் கட்டடம். தரைத்தளத்தில் கண்காட்சி. முதல் மாடியில் பூச்சித் தடுப்புப் பிரிவு. மூன்றாம் மாடியில் அரிய தேயிலைப் பிரிவு. இரண்டாம் மாடி, மூன்றாம் மாடிக்குப் போகிறவர்களைக் காக்க வைப்பதற்கென்றே கட்டப்பட்டது. நாற்காலிகள் நன்றாக இருந்தன.

கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் உலகத்தின் விலையுயர்ந்த தேயிலைகள் தூங்கிக்கொண்டிருந்தன. தையல்காரி ஒவ்வொரு பலகையாகப் படித்தாள். ஒன்று, வசந்தத்தில் சில நாள் மட்டுமே பறிப்பது. இன்னொன்று, முனை மொட்டு மட்டும். ஒரு கிலோவுக்குப் பல ஆயிரம் மொட்டுகள், ஒவ்வொன்றும் விரலால் கிள்ளியது. மற்றொன்று நாற்பது வருடம் பக்குவப்படுத்தியது. அவளுக்கு இது புரிந்தது. கைவேலைக்கும் காத்திருப்பதற்கும் கூலி உண்டுதானே. அடுத்த வரிசையில் பலகைகளின் போக்கு மாறியது. 'இது பறிக்கப்படும்போது யாரும் தும்மக்கூடாது.' 'இது இரண்டு முறை திருடப்பட்டது.' கடைசிப் பெட்டியில், எல்லாவற்றையும்விட உயர்ந்த விலைக்குக் கீழே: 'இதை இதுவரை யாரும் குடித்ததில்லை.'

"குடிக்காம எப்படி அண்ணி விலை போட்டாங்க?" என்றாள் நாத்தனார்.

"சும்மா வா. கேட்டா நம்மளுக்கு முத்திரை குடுக்க மாட்டாங்க."

மூன்றாம் மாடியில் மனு வாங்கும் எழுத்தர் பதினான்கு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார். ஒன்பதாம் பக்கத்தில் 'எதனால் அரிது?' என்ற கேள்விக்குக் கீழே கட்டங்கள் இருந்தன. உயரம். வயது. ஆபத்து. அரச சம்பந்தம். விலங்கு சம்பந்தம். தையல்காரி பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சார், ருசின்னு போடறதுக்குக் கட்டம் எங்க இருக்கு?"

"ருசிக்குக் கட்டம் கிடையாதும்மா. போன தடவை படிவத்தைச் சுருக்கினப்போ எடுத்துட்டாங்க."

"அப்போ பூச்சி எதுல வரும்?"

எழுத்தர் யோசித்தார். பூச்சி விலங்கா இல்லையா என்று பக்கத்து மேசையைக் கேட்டார். பக்கத்து மேசை அதற்குப் பக்கத்து மேசையைக் கேட்டது. கடைசியில், "ஆபத்துல போடுங்க" என்றார்.

"அது கொசு மாதிரிகூடக் கடிக்காது சார்."

"செடிக்கு ஆபத்துதானே? எழுதுங்க."

ஐந்து பிரிவுகளுக்கு ஐந்து மாதிரிகள், தலா இருநூறு கிராம். மாதிரி கொடுத்த நிமிடத்திலிருந்து அது வாரியத்தின் உடைமை என்று பதினான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. தையல்காரியின் கண்ணுக்கு அது எட்டவில்லை. டப்பா காலியானது.

முதலில் வரலாற்று அலுவலர். அவர் அறையில் புத்தகங்களைவிட வாள்களின் படங்கள் அதிகமாக இருந்தன.

"உங்க தேயிலையோட கதை என்ன?"

"கதைன்னா?"

"ராஜா யாராவது குடிச்சிருக்காரா? துறவி யாராவது அந்தச் செடிக்கடியில உட்கார்ந்தாரா? காதல் தோல்வி? கதை இல்லாத தேயிலை வெறும் இலைம்மா. மாடு தின்னும்."

"எங்க மாமாவுக்கு முட்டிவலி சார். அதனால சரிவுல ஏற முடியல. மருந்து அடிக்காததால பூச்சி வந்துச்சு. அவ்வளவுதான்."

அலுவலர் மிகவும் கவனமாகக் கேட்டு, ஒரு பக்கம் எழுதி, வாசித்துக் காட்டினார். 'மலையுச்சியை நோக்கி மண்டியிட்டே வாழ்ந்த மாமுனிவர் ஒருவர், எவ்வுயிரையும் கொல்வதில்லை எனச் சபதம் ஏற்றார். பூச்சிகள் நன்றிக்கடனாக இலைகளில் முத்தமிட்டன.'

"எங்க மாமா லாரி ஓட்டினவரு சார்" என்றாள் தையல்காரி. "தினம் கோழிக்கறி சாப்பிடுவாரு."

"அதை எங்கயும் சொல்லாதீங்க. மதிப்பு குறைஞ்சிடும்."

அடுத்த அழைப்பு வர மூன்று வாரம் ஆனது. சுவைக் கூடத்தில் வெள்ளை அங்கி அணிந்த மூன்று சுவைஞர்கள், ஆளுக்கொரு வெள்ளிக் கரண்டியுடன் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக் கோப்பைகளில் அவளுடைய தேநீர் செம்பொன் நிறத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. யாரும் தொடவில்லை.

"விலை என்ன?" என்றார் தலைமைச் சுவைஞர்.

"நீங்க ருசி பார்த்துச் சொன்னாத்தானே சார் விலை?"

"விலை தெரியாம ருசி எப்படித் தெரியும்? நாங்க என்ன குருட்டாம்போக்குலயா குடிப்போம்?"

"விலையை யாரு சொல்லுவாங்க?"

"விலைப் பிரிவு. எதிர் அறை."

"அப்போ அங்க போய்க் கேட்டுட்டு வரட்டுமா?"

"தாராளமா. ஆனா அங்க எங்க ருசிச் சான்றிதழைக் கேப்பாங்க."

தையல்காரி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் கூரையைப் பார்த்தாள். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் தையல்காரி தனக்குத் தெரிந்த கணக்கில், "கிலோவுக்கு ரெண்டு சட்டை தைக்கிற கூலி வந்தா போதும் சார்" என்றாள்.

மூவரும் கரண்டியால் மொண்டு, விசிலடிப்பதுபோல் உறிஞ்சி, தாமிரப் பாத்திரத்தில் துப்பினார்கள்.

"சாக்கு" என்றார் ஒருவர்.

"மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி" என்றார் இன்னொருவர்.

"சூடா இருக்கு. வேற குணம் எதுவும் இல்ல" என்றார் தலைமைச் சுவைஞர்.

தையல்காரிக்கு முகம் செத்துப்போயிற்று. நாத்தனார்தான் எழுந்தாள். "மன்னிக்கணும் சார், அண்ணிக்குப் பதட்டம். தப்பாச் சொல்லிட்டாங்க. கிலோவுக்கு நூறு கோட்டு தைக்கிற கூலி."

சுவைஞர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதே கோப்பையில், இப்போது நன்றாக ஆறிப்போயிருந்த தேநீரை, மறுபடி மொண்டார்கள். இந்த முறை துப்பவில்லை.

"தேன்" என்றார் முதலாமவர்.

"பாறை இடுக்குத் தேன்" என்றார் இரண்டாமவர்.

தலைமைச் சுவைஞர் கண்ணை மூடினார். "என் சின்ன வயசு தெரியுது" என்றார். குரல் தழுதழுத்தது. எழுத்தர் அதையும் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் தையல்காரி நாத்தனாரின் கையைக் கிள்ளினாள். "ஏண்டி, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டியே! யாராவது அந்த விலைக்கு வாங்குவாங்களா?"

"நான் விக்கவா சொன்னேன்? அவங்க நாக்கைத்தானே அண்ணி கொஞ்சம் தட்டி எழுப்பினேன்."

அந்த வாரமே வாரியத்திலிருந்து ஓர் ஆய்வாளர் தோட்டத்துக்கு வந்தார். முத்திரைக்காக வந்தவர் என்று நினைத்து இருவரும் அவருக்குக் குடை பிடித்து, கை கொடுத்து மேலே ஏற்றினார்கள். அவர் ஒரு கிளையை உலுக்கினார். தத்துப்பூச்சிகள் குதித்தன. அவர் முகம் மலர்ந்தது. தையல்காரியின் முகமும் மலர்ந்தது.

"பார்த்தீங்களா சார், எவ்வளவு இருக்குன்னு!"

"பார்த்தேம்மா. இவ்வளவை நான் எங்கயும் பார்த்ததில்ல" என்றவர், பையிலிருந்து மஞ்சள் காகிதம் ஒன்றை எடுத்து வேலிக்கம்பத்தில் ஒட்டினார். 'கடும் பூச்சித்தொற்று. வரும் திங்கட்கிழமை காலை வாரியச் செலவில் மருந்தடிக்கப்படும்.' அவர் முதல் மாடிக்காரர். படிவத்தில் 'ஆபத்து' என்ற கட்டத்தில் குறியிட்டிருந்ததால், அதன் நகல் தானாகவே முதல் மாடிக்குப் போயிருந்தது.

"சார், அந்தப் பூச்சிதான் சார் இந்தத் தேயிலையே! உங்க மூணாம் மாடிதான் கதையெல்லாம் எழுதி வச்சிருக்கு!"

"மூணாம் மாடி எழுதும். நாங்க அடிக்கிறவங்க" என்றார் ஆய்வாளர், வருத்தமே இல்லாமல். "நிறுத்தணும்னா இயக்குநர் கையெழுத்து வேணும்."

வெள்ளிக்கிழமை காலை தையல்காரி இயக்குநரின் முன்னால் நின்றாள். அகன்ற மேசை. அதில் வெந்நீர் இருந்த ஒரு கண்ணாடி டம்ளரைத் தவிர எதுவும் இல்லை.

"உட்காருங்க. உங்க கோப்பைப் பார்த்தேன். அழகான கோப்பு" என்றார் இயக்குநர். "ஆனா ஒரு சிக்கல். பூச்சி எத்தனை இருக்கு?"

"எண்ணலையே சார். நிறைய இருக்கு."

"அதான் சிக்கல். நிறைய இருந்தா அது எப்படி அரிது?"

"சார், திங்கட்கிழமை மருந்தடிச்சா ஒண்ணுகூட இருக்காது சார். அதை மட்டும் நிறுத்திக் குடுங்க. முத்திரையை அப்புறமா பார்த்துக்கலாம்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் பலமுறை பேசிப் பழகிய பேச்சு அது என்பது அவர் கையசைத்த விதத்தில் தெரிந்தது.

"அம்மா, ஜனங்க ஒரு தப்பு பண்றாங்க. அரிய தேயிலைன்னா இலை அரிதா இருக்கணும்னு நினைக்கிறாங்க. இலை எங்கயும் முளைக்கும். மழை எல்லாருக்கும்தான் பெய்யுது. உழைப்பா? உழைக்காதவன் யாரு? அரிதா இருக்கறது என் கையெழுத்து. வருஷத்துக்குப் பதினொண்ணு போடுவேன். பன்னெண்டாவது போட்டா மத்த பதினொண்ணும் மலிஞ்சு போகும். அந்தப் பதினொரு பேருக்கு நான் துரோகம் பண்ண முடியுமா? நல்ல தேயிலையெல்லாம் வெளிய வந்துட்டா அப்புறம் இந்த வாரியம் எதுக்கு? அதனால இருபது வருஷமா ராப்பகலா உழைச்சு, நல்ல தேயிலை வெளிய வராமப் பாத்துக்கறோம்."

"நீங்களாவது ஒரு வாய் குடிச்சுப் பாருங்க சார்."

"எனக்கு அல்சர். டீயே தொடறதில்ல. அதனாலதான் என்னால நடுநிலையா இருக்க முடியுது."

மருந்தடிப்பதை நிறுத்தும் மனுவைத் திங்கட்கிழமை காலை நேரில் கொண்டுவரச் சொன்னார். அன்றுதான் கையெழுத்து நாளாம்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கெல்லாம் தையல்காரி இரண்டாம் மாடியின் நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மனுவை மடியில் வைத்து, ஓரம் மடியாமல் இரு கையாலும் பிடித்திருந்தாள். ஒன்பதானது. பத்தானது. "சார் பூஜ்யம் சேர்க்கும் கூட்டத்துல இருக்கார்" என்றார் எழுத்தர். விலைகளுக்கு எத்தனை பூஜ்யம் என்று முடிவு செய்யும் கூட்டம் அது, அவசரப்படுத்த முடியாது. பத்தேமுக்காலுக்குப் போன் அடித்தது. நாத்தனார்.

"அண்ணி..."

"சொல்லு."

"நான் குறுக்க நின்னேன் அண்ணி. குடையை விரிச்சுட்டு நடுவுல நின்னேன். என்னைச் சுத்தி அடிச்சுட்டுப் போயிட்டாங்க."

தையல்காரி மனுவை நான்காக மடித்தாள். எழுத்தர் பின்னாலிருந்து, "இருங்கம்மா, அடுத்தது நீங்கதான்" என்றார். அவள் இறங்கிப் போய்விட்டாள்.

செடிகளுக்குக் கீழே தத்துப்பூச்சிகள், தையல் மெஷினுக்கு அடியில் கிடக்கும் நூல் துணுக்குகளைப்போல் பச்சை பச்சையாய்ச் சிதறிக் கிடந்தன. தையல்காரி அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் தலைமுடியிலிருந்து மருந்து வாடை வந்தது. அடுத்த மாதம் கொழுந்து மஞ்சளின்றி, சுருளின்றி, படத்தில் வருவதுபோல் செழிப்பாக வந்தது. பறித்து, வாட்டி, உருட்டி, உலர்த்தி, ஒரு கோப்பை போட்டாள். தேநீர் போலவே இருந்தது.

அப்போதுதான் வாரியத்தின் கடிதம் வந்தது. முத்திரை கிடைத்துவிட்டது. அதுவும் மிக உயர்ந்த வகை. காரணமும் எழுதியிருந்தார்கள்: 'மேற்படி தேயிலையை இனி உற்பத்தி செய்ய இயலாது என முதல் மாடி உறுதி செய்துள்ளபடியால்.'

நாத்தனார் கடிதத்தைக் கிழிக்கப் போனாள். தையல்காரி தடுத்தாள். "விழா இருக்காம். போவோம்."

"எதுக்கு அண்ணி? அவனுங்க மூஞ்சியைப் பார்க்கவா?"

"நம்ம தேயிலை அங்கதானே இருக்கு."

தரைத்தளக் கண்காட்சிக் கூடத்தில் விழா. எழுபது எண்பது பேர் இருக்கும். முன்வரிசையில் வியாபாரிகள், அவர்களில் பேன்ட்டை மறந்த அந்த வியாபாரியும் இருந்தார். சுவர் ஓரமாக, வந்தவர்களை அழைத்து வந்த கார் டிரைவர்களும் கூட்டிப் பெருக்குகிறவர்களும் நின்றார்கள். மேடையில் பஞ்சுத் துணி விரித்த வெள்ளிப் பெட்டியில், ஐந்து பிரிவுகளும் சோதித்தது போக எஞ்சிய நூறு கிராம் தேயிலை. பக்கத்தில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூஜா. தயாரித்தவரின் கையாலேயே மூன்று கிராம் போட்டு, இயக்குநர் முன்னிலையில் அதன் நிறத்தை எல்லோருக்கும் காட்டுவது. மிச்சத்தை ஏலம் விடுவது. தொகை வாரியம் கட்டப்போகும் நான்காம் மாடிக்கு. நிகழ்ச்சிநிரல் அப்படி.

இயக்குநர் பேசினார். மண்டியிட்ட முனிவரைப் பற்றிச் சொன்னார். பூச்சிகளின் முத்தத்தைப் பற்றிச் சொன்னார். "இந்தத் தேயிலையை இனி உலகத்துல யாருமே குடிக்க முடியாது. இந்தப் பெருமை நம்ம வாரியத்தையே சேரும்" என்றார். கைதட்டல் எழுந்தது. முதல் மாடி ஆய்வாளருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

தையல்காரியை மேடைக்கு அழைத்தார்கள். வெள்ளிப் பெட்டியும் ஒரு சின்னக் கரண்டியும் கையில் கொடுத்தார்கள். பெட்டியைத் திறந்தாள். அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. ஒரு நொடி கண்ணை மூடினாள். பிறகு கரண்டியை மேசைமேல் வைத்தாள். பெட்டியோடு மேடையை விட்டு இறங்கினாள்.

விருந்தினருக்காகச் சுவர் ஓரமாகக் குழாய் வைத்த பெரிய வெந்நீர்ப் பாத்திரம் ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. தையல்காரி அடியிலிருந்த சுவிட்சை அணைத்தாள், மூடியைத் தூக்கினாள், நூறு கிராமையும் உள்ளே கவிழ்த்தாள். பஞ்சுத் துணியில் ஒட்டியிருந்ததையும் உதறினாள். மூடிவிட்டு, மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

காவலாளி இரண்டடி எடுத்து வைத்து நின்றுவிட்டார். இதற்கு என்ன விதி என்று அவருக்குத் தெரியவில்லை. வாசனை மெதுவாகக் கூடத்தில் பரவியது. சுவர் ஓரத்து டிரைவர் ஒருவர், "யம்மா!" என்றார், தன்னை மறந்து.

நாலு நிமிடம். நாத்தனார் காகிதக் கோப்பைகளை அடுக்கினாள். தையல்காரி குழாயைத் திறந்தாள். முதல் கோப்பை அந்த டிரைவருக்கு. பெருக்குகிற பெண்ணுக்கு ஒன்று. காவலாளிக்கு ஒன்று. அதற்குள் வரிசை சேர்ந்துவிட்டது. பேன்ட் வியாபாரி தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டே வந்து வரிசையில் நின்றார். யாரும் விலை கேட்கவில்லை. தலைமைச் சுவைஞர் அங்கியோடு வந்து, ஒரு கோப்பை வாங்கி, உறிஞ்சாமல் ஊதி ஊதிக் குடித்தார். ஒன்றும் சொல்லாமல் கோப்பையை மறுபடி நீட்டினார்.

இயக்குநர் மேடையிலிருந்து தடுமாறி இறங்கி ஓடிவந்தார். அவர் பாத்திரத்தை எட்டியபோது குழாயிலிருந்து மெல்லிய தாரைதான் வந்துகொண்டிருந்தது.

"என்னம்மா... என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"டீ போட்டேன் சார்" என்றாள் தையல்காரி. பாத்திரத்தைச் சாய்த்து, கடைசிக் கோப்பையைப் பிடித்தாள். "உங்களுக்குச் சக்கரை எத்தனை ஸ்பூன்?"